அப்பாவின் முதுகும் இரண்டு பிராடோக்களும்

2025 ஆகஸ்ட் 3

எங்கள் பழைய மொண்டேரோ ஜீப் நேற்றுப் போய்விட்டது. வாங்கியவர் கிண்ணியாக்காரர். ஓட்டிப் பார்த்த ஐந்தாவது நிமிடமே "பின்னுக்குத் தட்டுதே" என்று விலையில் கை வைத்தார். உண்மைதான், தட்டியது. அந்தத் தட்டல்தான் அப்பாவின் முதுகில் போய் விழுந்துகொண்டிருந்தது. தம்பலகாமத்து வயல்களில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டிய முதுகு. போன வருடம் ஒப்பரேஷனும் செய்தாயிற்று. ஆறு வாரத்துக்கொரு தடவை திருகோணமலையிலிருந்து கொழும்பு கிளினிக், போக மட்டும் 250 கிலோமீற்றருக்கு மேல்.

2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி இந்தப் பெப்ரவரியில் திறந்தபோது புதிதாக ஒன்று எடுக்கலாம் என்ற ஆசை இருந்தது. வரியைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன். ஆகவே பாவித்த டொயோட்டா பிராடோ ஜீப். இரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, இரண்டுமே 2016, இரண்டுமே 2.8 டீசல். ஒன்று டி.எக்ஸ்.எல்: நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங், சாதாரண ஷொக் அப்சோபர். மற்றது டி.இசட்.ஜி: பின்னால் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, நான்கு ஷொக்கும் தானாக இளகி இறுகும் ஏவிஎஸ். விலை வித்தியாசத்தில் எங்கள் ஆலைக்கு ஒரு சின்ன மோட்டார் வாங்கலாம்.

ஆகஸ்ட் 6

மெக்கானிக் பாஸின் கராஜில் ஒரு மணித்தியாலம். எது நல்லது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மூலையில் கிடந்த பழைய ஷொக் ஒன்றை எடுத்து வந்து தரையில் நிறுத்தினார்.

"மெதுவா அமத்துங்க."

அமத்தினேன். தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இப்ப ஒரே குத்தாக் குத்துங்க."

குத்தினேன். சுவரில் குத்தியது போல மணிக்கட்டு நொந்தது. உள்ளே எண்ணெய். அது சின்னத் துவாரங்களால் புகுந்து போக வேண்டும், அவசரப்படுத்தினால் போகாது. அவ்வளவுதான் சங்கதி.

"ஷொக் வாகனத்தைத் தாங்கிறதில்ல தம்பி. தாங்கிறது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளினா அடக்கிறதுதான் இவர்ட வேலை. ஏவிஎஸ் எண்டா அந்த ஓட்டைய கம்பியூட்டர் பெருப்பிக்கும், சிறுப்பிக்கும். ஸ்பிரிங்க ஒண்டும் செய்யாது."

இத்தனை வருடம் வாகனம் ஓட்டியும் ஷொக்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10

டி.இசட்.ஜியின் சொந்தக்காரர் நல்ல மனிதர். ஞாயிறு காலை சாவியைத் தந்து, கந்தளாய் வரை போய்வரச் சொன்னார். அப்பாவைப் பின் இருக்கையில் இடப்பக்கம் ஏற்றினேன். கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார், எதைக் கேட்டாலும் அதுதான். அதனால் வாயைக் கேட்காமல் கையைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். நோகும்போது ஜன்னலுக்கு மேலுள்ள கைபிடியைப் பிடிப்பார். கண்ணாடியில் தெரியும்.

ஏவிஎஸ் பட்டனுக்கு மூன்று நிலை: கொம்ஃபர்ட், நோர்மல், ஸ்போர்ட். கொம்ஃபர்ட்டில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். உவர்மலை இறக்கத்தில் இருந்த சின்னக் குழிகளெல்லாம் கரைந்து போயின. சரி, காசுக்கு வேலை செய்கிறது என்று நினைத்தேன். முள்ளிப்பொத்தானை தாண்டியதும், ரோட்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் இடங்களில் வாகனம் ஒருமுறை எழும்பி, இறங்கி, இன்னும் கொஞ்சம் அசைந்துவிட்டுத்தான் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் கை கைபிடியில் இல்லை, வயிற்றில் இருந்தது.

"பழைய கிண்ணியாப் பாதையில ஏறின மாதிரிக் கிடக்கு" என்றார்.

2009இல் பாலம் திறக்குமுன் கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்ற மிதவையில்தானே கடந்தோம். அந்த ஆட்டம் எனக்கும் நினைவிருக்கிறது. நிறுத்தி, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, நோர்மலுக்கு மாற்றினேன். ஆட்டம் அடங்கியது. ஸ்போர்ட்டில் இன்னும் இறுக்கம்: பிரேக் பிடித்தால் வாகனத்தின் மூக்கு முன்னால் குத்துவது குறைந்தது, ஆனால் பாலங்களின் இணைப்பில் ‘டக்’ என்று ஏறியது. கை கைபிடிக்குப் போனது. திரும்பி வரும்போது முழுக்க நோர்மல். அப்பா கந்தளாயிலிருந்து பாலம்போட்டாறு வரை நித்திரை.

இதைக் குறைவாகச் சொல்ல முடியாது. நோர்மலில் அது அருமையான வாகனம். பட்டனை எங்கே வைத்தாலும் உள்ளே கணினி கணத்துக்குக் கணம் இறுக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நாம் தெரிவது அது எந்த எல்லைக்குள் மாற்றலாம் என்பதை மட்டும்தான்.

ஆகஸ்ட் 11

அத்தான் போன் எடுத்தார். டி.இசட்.ஜி என்றால் ஒரு மரியாதை இருக்கிறதாம். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

இன்று டி.எக்ஸ்.எல். அதே ரோட்டு, அதே இருக்கை, அதே அப்பா.

முதல் பத்து நிமிடம் மோசம். உவர்மலைக் குழிகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக இருந்தன. அப்பாவின் கை கைபிடியை விடவேயில்லை. மடத்தடிச் சந்தியிலேயே திருப்பிவிடலாம் என்று மனம் வந்துவிட்டது. பிறகு எண்ணெய் அடிக்கப் போன இடத்தில் சும்மா காற்றைப் பார்க்கச் சொன்னேன். நாலு டயரிலும் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று! யாரோ எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று கல்லாக்கி வைத்திருக்கிறார்கள். சாரதிக் கதவு நிலையில் ஒட்டியிருந்த அளவுக்கு இறக்கினோம்.

வேறு வாகனம் போல ஆகிவிட்டது. இதில் 265/65 ஆர்17 டயர், மற்றதில் 265/60 ஆர்18. கணக்குப் பார்த்தால் இதன் பக்கச் சுவர் 172 மில்லிமீற்றர், அதற்கு 159. ஒரு விரற்கடை கூடுதல் ரப்பர். கூரான குழிக்கு முதலில் முகம் கொடுப்பது அந்த ரப்பர்தான், ஷொக்கின் முறை அதற்குப் பிறகுதான்.

முள்ளிப்பொத்தானையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்ததும் மூக்கு நன்றாகவே குத்தி, இரண்டு தரம் ஆடியது. ஆக, குறை இருக்கிறது. முன் ஷொக் களைத்துவிட்டதென்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 23

இரண்டையும் பாஸிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்த்தோம். டி.எக்ஸ்.எல்லின் முன் ஷொக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதில் மணல் ஒட்டி, சர்க்கரை தூவிய பணியாரம் மாதிரி இருந்தது. நான் நினைத்தது சரி. டி.இசட்.ஜியில் கசிவு இல்லை. ஆனால் பாஸ் டோர்ச்சைக் காற்றுப் பையின் மடிப்பில் பிடித்து, விரலால் ரப்பரை விரித்துக் காட்டினார். மயிரிழை போல வெடிப்புகள். இந்த வாகனம் பிறந்ததிலிருந்து கடலோரத்தில் நின்றது. பை மெல்ல மெல்லக் காற்றை விட்டால் அதற்குக் காற்றடிக்கும் கொம்பிரஷர் ஓயாமல் ஓடும், ஓடி அதுவும் போகும்.

"இங்க உப்பு, தம்பி. இரும்பையே விட்டுவைக்காது, ரப்பரையும் வயரையுமா விடும்?" ஏவிஎஸ் ஷொக் ஒன்றின் காசுக்குச் சாதாரண ஷொக் நான்கும் மாற்றலாம் என்பது அவர் கணக்கு. அதுவும் திருகோணமலையில் கிடைக்காது, கொழும்பிலிருந்து வரும் வரை வாகனம் நிற்கும். கிளினிக் நாள் நிற்காது.

கொழும்பிலேயே வீடு, நெடுஞ்சாலையில் 100இல் ஓட்டம் என்றால் நான் டி.இசட்.ஜியைத்தான் எடுத்திருப்பேன். எனக்கு ஊருக்கு வெளியே 70, ஆலைக்குப் போனால் வாய்க்கால் வரம்பு. அதோடு மூன்று நிலையில் ஒன்றைத்தான் அப்பாவின் உடம்பு ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டுக்கும் ஏன் காசு? டி.எக்ஸ்.எல்லுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஷொக் காசைக் கழித்துக்கொண்டு.

செப்டம்பர் 5

நான்கு புது ஷொக்கோடு முதல் கொழும்புப் பயணம். விடிய மூன்று மணிக்குப் புறப்பட்டோம். ஹபரணைக்கு முன்னால் காட்டோரம் யானை ஒன்று நின்றது. பிரேக் பிடித்தேன், மூக்கு இறங்கியது, ஒரே தடவையில் நிமிர்ந்தது. லைட்டைக் குறைத்துவிட்டு அது ஆறுதலாகக் கடக்கும் வரை இருந்தோம்.

தம்புள்ளையில் கண்ணாடியில் பார்த்தேன். கை மடியில், எக்ஸ்ரே உறைக்கு மேல்.

"நோகுதா அப்பா?"

"நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "மற்ற வாகனத்தில ஒரு பட்டன் இருந்ததே தம்பி, இதில அது எங்க?"