10000இல் வேறு ஆள் குடியிருந்தார்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை, அதுவும் ஆடி மழையில், பைக்கில் போய் வந்தேன். எல்லாம் ஒரு போர்ட் எண்ணுக்காக, அதாவது கணினியில் ஒரு மென்பொருள் உட்காரும் கதவு எண்ணுக்காக. இடுப்புவலி இன்னும் விட்டபாடில்லை.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர். காய் எடை, ஆள் கூலி எல்லாம் உபுண்டு என்கிற லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினிப் பெட்டியில் ஓடுகிறது. முதலாளியின் மகன் கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைக் கண்டாலே நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற ஆள். அவரே பேக்கப் எடுத்துக்கொள்ளட்டும் என்று, பிரவுசரிலேயே பெட்டியை நிர்வகிக்க உதவும் வெப்மின் போடப் போனேன். நிறுவும் வேலை பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் சர்வீஸ் எழவில்லை. ஸ்டேட்டஸில் சிவப்பாக 'ஃபெயில்ட்'. நான் செய்த முதல் முட்டாள்தனம், ரீஸ்டார்ட்டை விடாமல் அடித்தது. சர்வீஸ்களை எழுப்புகிற சிஸ்டம்டி வழக்கமாக 10 விநாடிக்குள் 5 முறைதான் ஸ்டார்ட் பண்ண விடும். அதைத் தாண்டினால் 'ரிப்பீட்டட் டூ க்விக்லி' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். கடைசி வரியாக அதுதான் கண்ணில் படும், உண்மையான காரணம் அதற்கு மேலே புதைந்து போகும். அரை மணி நேரம் அந்தக் கடைசி வரியையே தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முட்டாள்தனம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டது. வெப்மினின் வழக்கமான போர்ட்டான 10000ஐத் திறந்துவிட்டேன், பயனில்லை. ஃபயர்வால் தடுத்தால் பிரவுசர் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 'நேரம் முடிந்தது' என்று சொல்லும். அந்தப் போர்ட்டில் யாருமே இல்லையென்றால் சட்டென்று 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வரும். எனக்கு வந்ததோ 'பாதுகாப்பான இணைப்பைத் தர முடியவில்லை'. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுக்கிறார்கள், ஆனால் அது நம்ம வீட்டு ஆள் இல்லை என்று அர்த்தம். அங்கேயே பிடித்திருக்க வேண்டும். சான்றிதழ்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன்.

கடைசியில்தான் /வார்/வெப்மின் அடைவுக்குள் இருக்கும் மினிசெர்வ்.எரர் கோப்பைத் திறந்தேன். 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்'. முகவரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்! எஸ்எஸ் கட்டளையை -டிஎல்என்பி சேர்த்து அடித்தால் எந்தப் போர்ட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். முன்னால் சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட மறக்காதீர்கள். இல்லையென்றால் போர்ட் மட்டும் தெரியும், ஆள் பெயர் வராது. எனக்கு முதல் தடவை அப்படித்தான் வெறுமையாக வந்தது.

ஆள் யாரென்றால், கேமரா ரெக்கார்டிங் மென்பொருள். போன வருடம் வேறொருவர் அதே பெட்டியில் போட்டுவிட்டுப் போனது. அவருக்கு போன் அடித்து, போர்ட்டை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "ஒன்னு ரீஸ்டார்ட் செய்து நோக்கு சேட்டா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபத்தில் கேமரா ப்ராசஸைக் கொன்றேன். வெப்மின் உடனே எழுந்துவிட்டது. வெற்றிக்களிப்போடு மலை இறங்கினேன்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தபோது முதலாளி போன். "தம்பி, கேமரா எல்லாம் கருப்பாக் கெடக்கு. காய் மூட்டை வெளியே இருக்கு, என்னய்யா பண்ணிட்டுப் போன?" பயத்தில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். கேமரா முதலில் எழுந்து 10000இல் உட்கார்ந்துகொண்டது, வெப்மின் மறுபடி வெளியே. எதிராளியைக் கொல்வது தீர்வே இல்லை. அடுத்த பூட்டில் அவர்தான் முதலில் வருவார்.

மூன்றாம் நாள் மறுபடியும் ஏறினேன். /எட்சி/வெப்மின் அடைவில் மினிசெர்வ்.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 'போர்ட்' வரியையும் 'லிசன்' வரியையும் 10100 ஆக்கினேன். பலரும் முதல் வரியோடு விட்டுவிடுவார்கள், இரண்டாவது யூடிபி என்கிற வேறு வகை இணைப்புக்கானது. வெப்மினின் கூட்டாளி மென்பொருளான யூசர்மின்னும் போடும் எண்ணமிருந்தால் 20000 பக்கம் போகாதீர்கள், அது அதன் வழக்கமான இடம். ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் 10100ஐத் திறந்து, 10000க்குத் திறந்த ஓட்டையை மறக்காமல் அடைத்தேன்.

கம்பத்திலிருந்தே பார்க்கிற மாதிரி ரவுட்டரில் திறந்துவிடச் சொன்னார் மகன். மாட்டேன் என்றேன். வெப்மின் 1.890 பதிப்பில் யாரோ பின்கதவு வைத்துவிட்டது 2019இல்தான் வெளியே தெரிந்தது, 1.930இல் அடைத்தார்கள். அதிலிருந்து இந்த மாதிரி பக்கத்தை நேரடியாக இணையத்தில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை. எனக்கு எஸ்எஸ்எச் டனல் என்கிற பூட்டிய தனிப்பாதை போதும், அவருக்கு ஸ்டோருக்குள்ளேயே பார்த்தால் போதும்.

வியாழன் ராத்திரி மலையில் கரண்ட் போய் விடியற்காலைதான் வந்தது. ஆறு மணிக்கு மகன் போன்.

"அண்ணே, பக்கம் வருது. ஆனா பாதுகாப்பில்லன்னு சொல்லுது."

"நம்மளே போட்ட சான்றிதழ், அப்படித்தான் சொல்லும். உள்ள போங்க."

"ரூட்னு போட்டா பாஸ்வேர்டு தப்புங்குது."

உபுண்டுவில் ரூட் என்கிற தலைமைக் கணக்குக்கு வழக்கமாகப் பாஸ்வேர்டே வைப்பதில்லை. சூடோ உரிமையுள்ள சொந்தப் பயனர் பெயரில் நுழையச் சொன்னேன். நுழைந்துவிட்டார்.

"கேமரா ஓடுதா?"

"ஓடுதுண்ணே. அப்பா அதத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."