செல்ஃப் எடுக்காத காமெட்: பேட்டரி மேல் பழி, குற்றவாளி வேறு

காமெட் லாரி கடைசியில் சுற்றிவிட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை, அது வேறு கதை. பட்டனை அமுக்கினால் ‘டகடகடக’ என்று வெறும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வண்டி இப்போது எஞ்சினைப் பிடித்து இழுத்துச் சுற்றுகிறது. புது பேட்டரி வாங்கவில்லை. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றவும் இல்லை. இந்த இரண்டில் ஒன்றைச் செய்யச் சொல்லாத ஆள் சங்ககிரியில் பாக்கி இல்லை என்பதால், கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வண்டி பழைய லேலண்ட் காமெட். திருச்செங்கோட்டில் கட்டிய மரக் கேபின். செங்கல் சூளைக்கு ஓடி ஓய்ந்து வேப்பமரத்தடியில் பல வருடம் நின்றது. ஆறு சிலிண்டர், இன்லைன் டீசல் பம்ப், 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட். எலெக்ட்ரானிக்ஸ் மருந்துக்குக்கூடக் கிடையாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு லாரி செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ரிலே, இம்மொபிலைசர், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. என்று சந்தேகப் பட்டியல் நீளும். காமெட்டில் சாவி, பட்டன், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டு, செல்ஃப், தடித்த கேபிள் சில. அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டிமேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததே அதனால்தான்.

எஞ்சின் இறுகவில்லை என்பதை முதலிலேயே பார்த்தாகிவிட்டது. கிராங்க் புல்லி நட்டில் ரிங் ஸ்பேனரும் நீளமான பைப்பும் போட்டு இரண்டு முழுச் சுற்று. இரண்டு சுற்று முடிந்தால்தான் ஆறு சிலிண்டரும் கம்ப்ரெஷனுக்கு வந்துபோகும். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் எங்காவது ஓரிடத்தில் முட்டி நிற்கும். அது தெரியாமல் செல்ஃபை அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நம் வண்டி முட்டவில்லை, பைப்போடு ஒழுங்காக வந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். பட்டனை அமுக்கினால் ஒன்றுமே கேட்கவில்லையா, சாவி, பட்டன், சொலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயர் பக்கம் தேட வேண்டும். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அடங்கினால் சொலினாய்டின் உள் காண்டாக்ட் தீய்ந்திருக்கலாம், செல்ஃபுக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், செல்ஃபின் சின்னப் பல்சக்கரமான பினியன் போய் எஞ்சினின் பெரிய பல் வளையமான ரிங்கில் மாட்டியிருக்கலாம். ‘டகடகடக’ என்று அடித்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி வீக் என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சொலினாய்டு மூடியதும் செல்ஃப் பெரிய கரண்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் விழுகிறது, பிடித்துவைக்கும் காயிலுக்குப் பலம் போதாமல் சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்டவுடன் வோல்டேஜ் ஏறி மறுபடி மூடுகிறது. ஆக, வோல்டேஜ் எங்கோ விழுகிறது என்பது உறுதி. பேட்டரிக்குள்ளேயே விழுகிறதா, போகும் வழியில் விழுகிறதா என்பதைச் சத்தம் சொல்லாது.

பக்கத்துப் பட்டறையில் நீண்ட அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து செல்ஃபில் கேபிள் மாட்டும் பெரிய ஸ்டட்டில் டெஸ்ட் லாம்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. “கரண்டு வருதுங்க தம்பி, செல்ஃபு போயிருச்சு. கழட்டிக் கொண்டாங்க” என்றார். மீட்டரில் நானும் பார்த்தேன், 25.3 வோல்ட். எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் தொடங்கிய இடம் இதுதான். சும்மா இருக்கும் கேபிளில் 25.3 வருவதற்கு ஒற்றை இழை போதும். நிற்கிற தேரின் வடத்தை ஒரு பொடியன்கூடப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இந்த அளவு செல்ஃப் எஞ்சினைச் சுற்றும்போது 300 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை கூடுதலாக இருந்தால் அந்த இடத்திலேயே 6 வோல்ட் காலி. அந்த 0.02 ஓமை மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியாது. மீட்டரின் ஒயர்களே அதைப்போல் பத்து மடங்கு காட்டும். எனவே கரண்ட் ஓடும்போது, பட்டன் அமுக்கியிருக்கும்போது, வோல்டேஜைத்தான் அளக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்த அளவையை எப்படி எடுப்பது என்பதில்தான் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கியர் நியூட்ரல், நான்கு பக்கமும் கட்டை, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஸ்டாப் நாபை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ள கேபினில் பெரியப்பா பையன். ஒருமுறை அமுக்கினால் பத்து விநாடிக்கு மேல் இல்லை, அடுத்ததற்குள் செல்ஃப் ஆறவேண்டும். மீட்டரின் கூர் முனையை பேட்டரி கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈயப் போஸ்ட்டின் தலையிலேயே குத்தி வைக்க வேண்டும். போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் வெள்ளைப் பொடி மெல்லிய படலமாக இருந்தால் கிளாம்ப்பில் வைத்தவனுக்கு அது தெரியவே தெரியாது. சொலினாய்டு அடித்துக்கொள்ளும்போது எண்கள் தாறுமாறாகக் குதிக்கும், கண்ணால் பிடிக்க முடியாது. மின்/மேக்ஸ் பொத்தான் உள்ள மீட்டர் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் பழைய முள் மீட்டர்கூட இந்த வேலைக்குத் தேவலை, முள் எவ்வளவு தூரம் விழுகிறது என்பது நன்றாகத் தெரியும்.

முதலில் பேட்டரி போஸ்ட்டுக்குப் போஸ்ட். 25.3-இலிருந்து 24.2 வரைதான் இறங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! பேட்டரி வீக்காக இருந்து இப்படி அடித்துக்கொண்டால் போஸ்ட்டிலேயே பதினைந்து, பதினாறுக்கு விழுந்திருக்கும். இங்கே விழவில்லை, அதனால் பேட்டரி விடுதலை. பெரிய கரண்டே ஓடவில்லை, யாரோ வழியை அடைக்கிறார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃபின் ஸ்டட்: 0.3 வோல்ட். சுத்தம். அடுத்து நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து செல்ஃபின் உடம்பு: 19 வோல்ட்!

அரை வோல்டுக்குமேல் இருந்தாலே முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் 19. பாக்கி ஐந்து வோல்டை வைத்துக்கொண்டு செல்ஃப் என்ன செய்யும்? (செல்ஃபில் எர்த்துக்கும், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழிக்கும், தனி ஸ்டட் இருக்கும் வகைகள் உண்டு, பழைய பஸ்களில் பார்த்திருக்கிறேன். அதில் உடம்பில் வைத்து அளந்து ஏமாறாதீர்கள், ஸ்டட்டில் வையுங்கள்.)

எர்த் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டு போனேன். போஸ்ட், கிளாம்ப், கேபிள், சேஸிஸ் போல்ட் எல்லாம் சேர்ந்து கால் வோல்ட் தாண்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் கேபினிலிருந்து பையன் கத்தினான்: “அண்ணா, இந்த நாபுக்குப் பின்னாடி புகை வருதுங்ண்ணா!”

ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டாப் கேபிளின் பிளாஸ்டிக் உறை இளகிப் பளபளத்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. மீட்டர் சொல்ல வேண்டியதை அந்தக் கேபிளே சொல்லிவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் இணைப்பது பின்னல் மாதிரி இருக்கும் எர்த் பட்டை ஒன்றுதான். அது கைவிட்டால் கரண்ட் கிடைத்த வழியில் வீடு திரும்பப் பார்க்கும்: ஸ்டாப் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, எது எஞ்சினையும் கேபினையும் தொடுகிறதோ அது. முன்பு வைத்திருந்தவர் ஸ்டாப் கேபிள் அடிக்கடி இறுகுது என்று மாற்றி மாற்றி அலுத்துப்போனதாகச் சொல்லியிருந்தார், அதற்கும் விடை கிடைத்தது.

எர்த் பட்டையின் ஒரு லக்கிலிருந்து (போல்டில் மாட்டும் முனை) மறு லக்கு வரை வைத்து அளந்தேன். ஏறக்குறைய முழு 19-உம் அங்கேதான். வெளியே பார்த்தால் பட்டைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. போல்ட் இறுக்கம், லக்கின் அடிப்பகுதி செம்பு நிறம் தெரியத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். கழற்றி லக்கை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே பச்சைப் பொடி, அதற்குள் கறுத்துப்போன இழைகள். விரலால் நெருடியதும் பாதி இழை உதிர்ந்துவிட்டது. லக்கை அமுக்காமல் சுத்தியலால் நசுக்கி, மேலே ஈயம் ஊற்றி மூடியிருக்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் பின்னல் வழியாக ஏறி உள்ளேயே தின்றிருக்கிறது.

இந்தச் சுத்தியல் வேலையைப் பார்த்தால் எனக்கு ஆகவே ஆகாது. 70 ஸ்கொயர் எம்.எம். கேபிளுக்கு 70 ஸ்கொயர் எம்.எம். லக்கு, ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் சரியான டை (அச்சு) போட்டு அமுக்கினால் இழையெல்லாம் ஒரே கட்டியாகிவிடும், ஊசி நுழைய இடமிருக்காது. கருவி வாங்க வேண்டுமென்பதில்லை. மோட்டார், பேனல் வேலை செய்யும் எலெக்ட்ரிக்கல் காண்டிராக்டர் யாரிடமும் இருக்கும், டீ வாங்கிக் கொடுத்தால் அமுக்கிக் கொடுப்பார். லக்குக்கு டோவெல்ஸ் கம்பெனியே கேட்டு வாங்கினேன், ஆட்டோ பார்ட்ஸ் கடையில் இல்லை, வயரிங் சாமான் கடையில் கிடைத்தது. கேபிளுக்கு வெல்டிங் கேபிள்தான் என் தேர்வு. மெல்லிய இழைகள், எஞ்சின் ஆட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். ஆனால் கடையில் நீட்டுவதில் பாதி அலுமினியம், அல்லது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் தூக்கினாலே கனம் காட்டிக்கொடுக்கும்.

புது எர்த்தைச் சேஸிஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குப் போடாமல் நேராகச் செல்ஃபின் மவுண்டிங் போல்டுக்கே கொண்டுபோனேன். நடுவில் ஒரு இணைப்பு குறைகிறது. லக்கின் மேல் கிரீஸ் தடவி உறை மாட்டியாயிற்று. பட்டனை அமுக்கினால் ஒரே மூச்சில் சுற்று. பேட்டரி 20.6, பாசிட்டிவ் பக்கம் 0.5, எர்த் பக்கம் 0.3, செல்ஃபுக்குச் சுத்தமாக 19.8. எலெக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துவிட்டு, “ஜம்பர் ஒயரை பேட்டரி நெகட்டிவ்ல இருந்து செல்ஃபு பாடிக்குப் போட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்குமே” என்றார். தெரிந்திருக்கும்தான். எந்த இடம் என்று தெரிந்திருக்காது. இதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பேட்டரியை விடுதலை செய்தேன் என்றேனே, இரண்டும் ஒரே நிலையில் இல்லை. சும்மா இருக்கும்போதே ஒன்று 12.8, இன்னொன்று 12.5. சுற்றும்போது 10.9, 9.7. கீழே போகிறது எது என்று பார்த்தால், எர்த் பக்கத்துப் பேட்டரி. அதன் தலையிலிருந்து டேப் ரிக்கார்டருக்கு 12 வோல்ட் இழுத்திருக்கிறார்கள். நம்மூர் லாரிகளில் பாதிக்கு இந்த வியாதி உண்டு. பாட்டு, ஃபேன், செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரு பேட்டரி மேல். ஆல்டர்னேட்டருக்கு 24-இன் மொத்தம்தான் தெரியும். அதனால் ஒன்று எப்போதும் பசியோடு கிடக்கும், மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டையும் தனித்தனியாகச் சார்ஜ் போட்டிருக்கிறேன். ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா செல்லும் 1240-ஐத் தாண்டினால் இரண்டும் பிழைத்தன. பாட்டுக்கு 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர் போடுவேன். டி.சி. ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் ஆசைப் பட்டியலில் இருக்கிறது. வீட்டிலிருக்கும் ஏ.சி. கிளாம்ப் இதற்கு உதவாது.

இப்போது டீசல் பக்கம். ஃபில்டர் தலையிலுள்ள காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்தால் நுரை மட்டும்தான் வருகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பிரைமரின் கைப்பிடி ஓரமே ஈரமாக இருப்பதால் முதல் சந்தேகம் அதன்மேல். சென்னை போகிற நண்பரிடம் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டீசல் பைப்பை இணைக்கும் பாஞ்சோ போல்டுகளுக்குச் செம்பு வாஷர் மொத்தமாக வாங்கியாயிற்று, பழையதைத் திருப்பிப்போடுகிற கதை வேண்டாம். பிரைமர் வரும்வரை டேங்கை இறக்கிக் கழுவும் வேலை, அடியில் கையளவு கறுப்புச் சகதி. ஸ்டாப் கேபிளும் புதிதாக மாற்றியாக வேண்டும், ஓடத் தொடங்கினால் நிறுத்துவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.