மணலைக் கட்டிப்போட்ட ராபர்ட் மோசஸ்

நியூயார்க் மாநிலப் பூங்காக்களை 1924 முதல் சுமார் நாற்பது வருஷம் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோசஸ். தேர்தலில் ஜெயித்து வந்தவர் இல்லை. 1934ல் ஆளுநர் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினார். 1981ல் தன் 92வது வயதில் இறந்தார்.

அவர் வேலையைப் புரிந்துகொள்ள ஜோன்ஸ் பீச் போதும். நியூயார்க் நகரை ஒட்டி நீளும் லாங் ஐலண்ட் தீவின் தெற்கே, கடல் மட்டத்தை ஒட்டிக் கிடந்த மணல் திட்டு அது. அதைப் பொதுமக்களுக்கான கடற்கரைப் பூங்காவாக மாற்றினார் மோசஸ். புயல் அடித்தால் அலை மேலேறிவிடும். பின்பக்க விரிகுடாவைத் தூர்வாரி, மணலும் தண்ணீருமாகக் குழாயில் இறைத்துக் கொட்டி, தரையைக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 12 அடிக்கு உயர்த்தினார்கள். அங்கேதான் சிக்கல். ஈரம் காய்ந்ததும் அந்த நைஸ் மணல் காற்றில் பறந்தது. 1929 ஆகஸ்டில் திறப்பு விழாவன்றே மணல் புயல்!

மருந்து ஒரு புல். கடற்கரைப் புல்லை மணல் மூட மூட மேலே துளிர்க்கும். அடித்தண்டு பக்கவாட்டில் ஓடி மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆட்களை வைத்துக் கையாலேயே நட்டார்கள். காற்றைத் தாங்கும் புல், கால் மிதியைத் தாங்காது. ஆட்கள் நடந்து தேய்ந்த இடத்தில் மணல் மறுபடி கிளம்பிவிடும்.

தண்ணீர்த் தொட்டியைக்கூட வெனிஸ் மணிக்கூண்டு மாதிரி 231 அடிக்கு எழுப்பினார். ஆனால் அங்கே போகும் பார்க்வேக்களின், அதாவது கார்களுக்கென்றே போட்ட சாலைகளின், மேலே குறுக்கே போகும் பாலங்கள் தாழ்வானவை, பஸ் நுழையாது. கார் இல்லாத ஏழை அந்தக் கடற்கரைக்கு எப்படிப் போவான்? திட்டமிட்டே செய்தாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வழி தவறி வரும் லாரிகள் இன்றைக்கும் அந்தப் பாலங்களில் முட்டிக்கொள்கின்றன.