பால்கனிச் சூரியத் தகடு: ஜெர்மனியில் லாபம், பாரிஸில் எப்படி?

சொந்தக் கூரை இல்லாதவர்களும் சூரிய மின்சாரம் எடுக்கலாம் என்றால் எங்கள் உறவினர்களில் பலர் இன்னும் நம்புவதில்லை. ஜெர்மனியின் டோர்ட்முண்டில் எங்கள் வாடகை வீட்டுக்குத் தெற்குப் பார்த்த பால்கனி இருக்கிறது. அதுவே போதுமாக இருந்தது.

440 வாட் தகடுகள் இரண்டும், அவற்றின் மின்சாரத்தை வீட்டில் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் 800 வாட் இன்வெர்ட்டரும் 330 யூரோவுக்கு வாங்கினேன். இன்வெர்ட்டருக்கான சட்ட வரம்பு 2024 மே மாதத்தில்தான் 600இலிருந்து 800 ஆனது. 2023 முதல் இவற்றுக்கு இங்கே விற்பனை வரியும் கிடையாது. தகடுகளைப் பால்கனிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டும் கொக்கிகளுக்குத் தனியாக 90 யூரோ. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு தகடு 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கீழே நடைபாதையில் பிள்ளைகள் போகிறார்கள்.

வீட்டுக்காரர் தயங்கினார். தக்க காரணமின்றி மறுக்க முடியாதபடி 2024 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் நான் சட்டம் பேசவில்லை. கொக்கியின் படம், தகட்டின் எடை, பிறருக்குச் சேதமானால் ஈடுகட்டும் என் பொறுப்புக் காப்புறுதியின் சான்று எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். சம்மதம் கிடைத்தது.

மைத்துனரும் நானும் சேர்ந்து மாட்டினோம். பிளக்கைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகியதும் இன்வெர்ட்டரின் விளக்கு சிறிது நேரம் சிமிட்டியது. மின்வலையின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போன பிறகுதான் கைப்பேசியில் வாட் கணக்கு ஏறத் தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கினால் உற்பத்தி உடனே நின்றுவிடும். அதனால் முனையைத் தொட்டாலும் மின்சாரம் தாக்காது. மின்வெட்டு வந்தால் தகட்டாலும் பயனில்லை. மத்திய மின்வலை முகமையின் பதிவேட்டில் ஒரு மாதத்துக்குள் இணையம் வழியாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

"எனக்கும் அங்கிருந்தே ஒன்று அனுப்பிவிடு" என்றார் பாரிஸில் இருக்கும் அக்கா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெர்மன் கடையில் வாங்கினாலும் பிரான்ஸ் முகவரி என்றால் அந்நாட்டு வரி 20 சதவீதம் சேரும். கண்ணாடித் தகடு உடையாமல் பலகையில் கட்டி அனுப்பும் கூலியும் உண்டு. அதைவிட முக்கியம் மின்கட்டணம். நான் யூனிட்டுக்கு 35 சென்ட் கட்டுகிறேன். வருடம் 400 யூனிட் நாங்களே பயன்படுத்தினால் 140 யூரோ மிச்சம்; மூன்று வருடத்தில் முதல் திரும்பிவிடும். அக்காவுக்கு யூனிட் சுமார் 20 சென்ட்தான். அதே 400 யூனிட்டுக்கு 80 யூரோ. ஆறு வருடத்துக்கு மேலாகும். ஆஸ்திரியாவில் வரிவிலக்கு 2025 மார்ச்சோடு முடிந்தது. சுவிட்சர்லாந்தில் வரம்பு 600 வாட். பெல்ஜியத்தில் 2025 ஏப்ரல் வரை அனுமதியே இருக்கவில்லை. ஆகவே தகட்டின் விலையை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிடாதீர்கள்.

அக்காவுக்கு ஒற்றைத் தகடு போதும் என்று சொல்லியிருக்கிறேன். பகலில் வீட்டில் ஆளில்லை, ஓடுவது குளிர்சாதனப் பெட்டியும் ரவுட்டரும்தான்; இரண்டாவது தகட்டின் மின்சாரம் பெரும்பாலும் காசில்லாமல் மின்வலைக்குப் போய்விடும். அங்கே மின்வலையை நடத்தும் எனெடிஸ் நிறுவனத்திடம் பதிய வேண்டும். அதற்கு முன்பாகக் கட்டட நிர்வாகத்தின் அனுமதியைக் கேட்கச் சொன்னேன். இந்த வாரம் கடிதம் எழுதுகிறார்.