டயப்பர் பாக்கெட்டில் இருக்கும் மில்லிக் கணக்கு நமக்கில்லை

மெடிக்கல் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டால் முதலில் இடுப்பளவு கேட்பார்கள், அடுத்தது எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பார்கள். ஒன்றுக்கா, ரெண்டுக்கா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்குக் கூச்சம், சொல்ல நமக்குக் கூச்சம், அதனால் அட்டையில் இருக்கும் மில்லிக் கணக்கைப் பார்த்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த மில்லி, அந்தப் பன்னிரண்டு மணி நேரம், வரிசையாக வரைந்த நீலச் சொட்டுகள், எல்லாமே சிறுநீருக்குப் போட்ட கணக்கு. மலம் கட்டுப்படாதவர்கள் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என் கதை சுருக்கம்தான். மலக்குடலில் புற்றுநோய், கதிர்வீச்சு, ஆபரேஷன், கொஞ்ச காலம் வயிற்றில் பை, அப்புறம் பையை எடுத்துக் குடலைச் சேர்த்துவிட்டார்கள். ஆள் பிழைத்தாயிற்று. ஆனால் மலத்தைத் தேக்கி வைக்கிற இடத்தையே வெட்டி எடுத்த பிறகு உடம்பு பழையபடி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா? ஒரு தடவை போனால் பின்னாலேயே இன்னும் நாலைந்து தடவை, வந்தால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காத அவசரம், சில நேரம் வந்ததே தெரியாமல் வந்துவிடுவது. டாக்டர்கள் இதை லார்ஸ் என்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் மட்டுப்படும், எனக்கும் மட்டுப்பட்டது, அடியோடு போகவில்லை. திருநகரில் வீடு, கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன், போக வர டவுன் பஸ். ஆகவே நான் எழுதுவது எழுந்து நடமாடுகிற ஆளின் பார்வை. பிரசவத்தில் தசை கிழிந்த பெண்கள், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் செய்தவர்கள், வருடக்கணக்கான சுகர்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய்ப் பெரியவர்கள் என்று இந்தக் கூட்டம் நாம் நினைப்பதைவிடப் பெரியது, வெளியே சொல்வதுதான் இல்லை.

மில்லிக் கணக்கு உதவாது என்பதில் சந்தேகம் இருந்தால் ஒரு டயப்பரைத் தியாகம் செய்து பாருங்கள். மொட்டை மாடியில் விரித்து நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் மளமளவென்று உள்ளே போய்விடும், மேலே தொட்டால் ஈரம்கூட அதிகம் தெரியாது. உள்ளே பஞ்சோடு வெள்ளைத் தூளாக ஒரு பாலிமர் கலந்திருக்கிறது, அது தண்ணீரைக் குடித்து ஜெல்லியாகிவிடும். இப்போது கொஞ்சம் தள்ளி ஒரு கரண்டி கேப்பைக் கூழை ஊற்றுங்கள். கூழின் தண்ணீர் மட்டும் மெல்ல இறங்கும், மாவு அத்தனையும் மேல் துணியிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வரும். அங்கே தடுப்பு எழுந்து நின்றால் நிற்கும், இல்லையென்றால் தரைக்கு வந்துவிடும். வீட்டில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்ட பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று 1997-இல் வந்தது, டாக்டர்கள் இன்றும் அதைக் காட்டித்தான் கேட்கிறார்கள். அதில் ஆறாம் எண் இந்தக் கூழ்ப்பதம். கட்டியாக வந்தால் இருந்த இடத்தில் இருக்கும், தண்ணீராகப் போனால் ஓரளவு உறிஞ்சிவிடும், இந்த ஆறாம் எண்தான் ஆளைப் படுத்தும்.

ஆகவே உறிஞ்சுவதை விட்டுவிட்டு, உள்ளே விழுந்தது வெளியே வராமல் எது நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் தொடையோரத் தடுப்பு, லீக் கார்டு என்று போட்டிருப்பார்கள். டயப்பரை நீளவாக்கில் மடித்துப் பிடித்தால் அது இரண்டு பக்கமும் சுவராக எழுந்து நிற்க வேண்டும், எலாஸ்டிக் ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்தால் வேண்டாம். மாட்டும்போது அந்தச் சுவர் உள்ளே மடங்கிக்கொள்ளும், விரலை விட்டு எடுத்துவிட வேண்டும், பாதிக் கசிவு இந்த மடிப்பால்தான். அடுத்தது பின்பக்க உயரமும் பின்னிடுப்பில் எலாஸ்டிக்கும். சிறுநீருக்கென்று செய்ததில் பஞ்சையெல்லாம் முன்னால் குவித்திருப்பார்கள், நமக்கு வேலை பின்னால். மல்லாந்து படுத்தால் முதுகு வழியாக மேலே ஏறும், உட்கார்ந்தாலும் பின்னுக்குத்தான் தள்ளும். முதுகுப் பக்கம் எலாஸ்டிக் இல்லாத டயப்பரை எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் அங்கே ஒரு இடைவெளி வாய் திறந்திருக்கும்.

மூன்றாவது சைஸ். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சி டேப்பில் இடுப்பையும் பிட்டத்தின் அகலமான இடத்தையும் அளந்து, எது பெரியதோ அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். எம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே எம் கிடையாது. பெரிய சைஸ் வாங்கினால் அதிகம் தாங்கும் என்று எக்ஸெல் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். நோயில் இளைத்த தொடைக்கும் எக்ஸெல் டயப்பருக்கும் நடுவே இரண்டு விரல் போகும், விரல் போகிற இடத்தில் மற்றதும் போகும்.

பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சர்ஜிக்கல் கடை ஒன்றில் இதையெல்லாம் கேட்டபோது அந்தப் பையன் சிரிக்கவில்லை, அதற்காகவே அங்கேதான் போகிறேன்.

“யாருக்குண்ணே, படுத்த படுக்கையா?”

“எனக்குத்தான்ப்பா. மோஷன் நிக்க மாட்டேங்குது. யூரின் பிரச்சினை இல்லை.”

“அப்ப ஓவர்நைட்டு எதுக்குண்ணே காசு கொடுத்துக்கிட்டு? சாதாரணத்துல ரெண்டு லூஸ்ல தரேன், போட்டுப் பாத்துட்டு வாங்க. பிடிச்சா பாக்கெட்டு எடுத்துக்கலாம்.”

நாலு வரியில் முடிந்துவிட்டது. ஓவர்நைட், மேக்ஸ் என்று கூடுதல் விலைக்கு விற்பதில் பஞ்சும் பாலிமரும்தான் கூடுதல். தடுப்பும் பொருத்தமும் சரியாக இருந்தால் மெல்லிசான சாதாரண டயப்பரே மலத்துக்குப் போதும், வேட்டிக்குள் புடைத்துக்கொண்டும் நிற்காது. ஃப்ரெண்ட்ஸ், லிஃப்ரீ என்று கடையில் நிறைய இருக்கின்றன, பெயரை வைத்து எதையும் சொல்ல மாட்டேன், உங்கள் தொடைக்கு எது படிகிறதோ அது. இரண்டும் கட்டுப்படாதவர்களுக்கு நிலைமை வேறு, அவர்களுக்குக் கொள்ளளவும் வேண்டும், தடுப்பும் வேண்டும்.

டேப் ஒட்டுகிற டைப்பா, ஜட்டி மாதிரி போடுகிற பேண்ட் டைப்பா என்பது பெரிய வாதம். படுக்கையில் இருப்பவருக்கு வாதமே இல்லை, டேப் டைப்தான், புரட்டிப் போட்டு மாற்றலாம், பொருத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கீழ் டேப்பை மேல்நோக்கிச் சாய்த்தும் மேல் டேப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்தும் ஒட்டினால் தொடையும் இடுப்பும் ஒருசேரப் பிடிக்கும். நடமாடுகிறவருக்குத்தான் யோசனை. என்னைப் போல் பாதி நேரம் கக்கூசை எட்டிப் பிடித்துவிடுகிறவர்கள் ஒரு காலையில் நாலைந்து தடவை இறக்கி ஏற்ற வேண்டும், டேப்பைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆகிவிடும், ஆகவே பேண்ட் டைப். ஆனால் அது அழுக்காகிவிட்டால் கீழே இறக்கவே கூடாது, கால் முழுக்கப் பூசிக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலையும் கிழித்து, முன்னிருந்து பின்னுக்கு உருட்டி எடுக்க வேண்டும். புதியதைப் போட வேண்டுமென்றால், மேலே முழுக்கால் பேண்ட் போட்டிருப்பவர் அதை முழுதாகக் கழற்றியாக வேண்டும், மாட்டுத்தாவணி மாதிரி ஒரு பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில், ஈரத் தரையில், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. வேட்டி கட்டுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, தூக்கிச் செருகிக்கொண்டு கால் விட்டு ஏற்றினால் முடிந்தது. நான் முழுக்க வேட்டிக்கு மாறியது இதற்காகத்தான், கடையில் முதலாளி பாரம்பரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். புடவையிலும் நைட்டியிலும் அதே சௌகரியம் உண்டு. பேண்ட்டை விட முடியாதவர்கள் வெளியூர் போகும்போது பைக்குள் டேப் டைப் ஒன்று வைத்துக்கொள்ளலாம், பேண்ட்டை முழங்காலுக்கு இறக்கிச் சுவரில் சாய்ந்தபடியே ஒட்டிவிடலாம்.

எல்லோருக்கும் டயப்பரே தேவை என்றும் இல்லை. மோஷன் போய்க் கழுவிய பிறகு கொஞ்சம் கசிந்து கறை படுவது மட்டும்தான் பிரச்சினை என்றால், காஸ் துணியில் சிறு பஞ்சு வைத்து மடித்து, பிட்டத்தின் இடுக்கில் வெளிப்புறமாக வைத்தால் போதும், உள்ளே திணிக்கக் கூடாது. நாப்கின் வைப்பதானால் நன்றாகப் பின்தள்ளி வைக்க வேண்டும். மேலே தொளதொள டிராயர் போட்டால் எதுவும் நிற்காது, இறுக்கமான ஜட்டி, அல்லது நம் தாத்தாக்கள் கட்டிய கோவணம். கோவணத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள், வைத்ததை வைத்த இடத்தில் பிடித்துக்கொள்வதில் அதற்கு நிகர் எதுவும் இல்லை.

துணியும் ரப்பர் மாதிரியான மேலுறையும் சேர்த்துத் துவைத்துத் துவைத்துப் போடுகிற வகையும் இருக்கிறது. காசு மிச்சம், மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் ஈரம் தோலிலேயே நிற்கும், அலசுவதற்கு வீட்டில் ஒருத்தர் வேண்டும், அந்த ஒருத்தர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெண்கள் தலையில் அதையும் கட்டுவதாக இருந்தால் நான் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன்.

சோழவந்தான் பக்கம் இருக்கும் என் அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயப்பர் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. எண்பதைத் தாண்டியவர், திடீரென்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு என்று வீட்டில் மோஷன் நிற்கிற மாத்திரை கொடுத்தார்கள், டயப்பர் பாக்கெட் பாக்கெட்டாகக் காலியானது. டாக்டர் விரல் வைத்துப் பார்த்தால் உள்ளே கல்லாக மலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு மேலிருக்கும் தண்ணீர்தான் கசிகிறது. அசல் வியாதி மலச்சிக்கல். மாத்திரை அதை இன்னும் இறுக்கிவிட்டது. எனிமா கொடுத்து எடுத்து, தினம் இளக்கி மருந்து கொடுத்த பிறகு டயப்பர் ராத்திரிக்கு மட்டும் என்றானது. வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது. அதே போல், புதிதாக இப்படி ஆரம்பித்து ரத்தமும் சேர்ந்து வந்தாலோ எடை குறைந்தாலோ முதலில் டாக்டரிடம் போங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். பதத்தைக் கூழிலிருந்து கட்டிக்குக் கொண்டுவர இசப்கோல், டாக்டர் அளவு சொன்னால் லோபரமைடு என்கிற மோஷன் நிற்கிற மாத்திரை, இடுப்பின் அடித்தளத் தசைகளுக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. பதம் மாறினால் எந்த டயப்பரும் திடீரென்று நல்ல டயப்பராகிவிடும். எனக்கு ஃபில்டர் காபியைக் காலையில் குறைத்ததே பாதி வேலை செய்தது, அந்த இழப்பைப் பற்றி எழுதினால் நீளும்.

தோல் விஷயம். சிறுநீர் மட்டும் என்றால் சில மணி நேரம் தாங்கலாம், மலம் பட்டால் உடனே மாற்ற வேண்டும், அட்டையில் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும் சரி. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் தோலையும் அரிக்கும், சிறுநீரும் சேர்ந்தால் இரட்டிப்பு. டெட்டால் வேண்டாம், சோப்பு போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு கிரீமை மெல்லிசாகத் தடவ வேண்டும். வாசலினை அப்பினால் அது டயப்பரின் மேல் துணியை அடைத்துக்கொள்ளும், விரலில் ஒட்டியிருந்தால் டேப்பும் பிடிக்காது. பவுடர் போட்டால் ஈரத்தில் கட்டி கட்டியாகி உராயும். சிவந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், கிரீம் மாறும், காட்டிவிடுங்கள். கத்திரி வெயிலில் சலசலக்கும் பிளாஸ்டிக் வெளிப்புறம் உள்ளது ஆகவே ஆகாது, துணி போன்ற வெளிப்புறம் உள்ளதையே பாருங்கள். நாற்றத்துக்கு வாசனை டயப்பர் வாங்குவது வீண், மதுரை மல்லிகையை முழம் முழமாகச் சுற்றினாலும் அது தெரியும். மேலே ஒரு இறுக்கமான ஜட்டி போட்டுக் காற்று வெளியேறாமல் பார்த்துக்கொள்வதும் சீக்கிரம் மாற்றுவதும்தான் வழி.

விலை ஒன்றுக்கு முப்பதிலிருந்து அறுபது ரூபாய் வரை ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமானது கொஞ்சம் ஆறுதல், சானிட்டரி நாப்கினுக்கு 2018-லேயே வரியை எடுத்துவிட்டார்கள், இதற்கும் எடுத்தால் என்ன. கழற்றியதை எக்காரணம் கொண்டும் கக்கூசில் போடாதீர்கள், ஊதிப் போய்க் குழாயை அடைத்துவிடும். மலத்தை மட்டும் கக்கூசில் தட்டிவிட்டு, சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, குப்பை வாங்க வருகிறவரிடம் இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். மதுரைக் குப்பை அவனியாபுரத்துக்குப் பக்கம் வெள்ளக்கல் போய்ச் சேர்வதற்குள் அதை எத்தனை கைகள் தொடுகின்றன என்று நினைத்தால் பொதியாமல் போட மனசு வராது. சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது, அதற்கான பையைத் தயாரிப்பவர்கள் தர வேண்டும் என்றும் இருந்தது. நான் வாங்கிய பாக்கெட் எதிலும் அப்படி ஒரு பை இருந்ததில்லை.

இப்போது என் தேடல் ஒன்றுதான். ராத்திரி படுக்கும்போது போட, பின்னிடுப்பு எலாஸ்டிக் உள்ள டேப் டைப், எம் சைஸ், மெல்லிசானது, மதுரையில் எந்தக் கடையில் லூஸில் கிடைக்கிறது? பனகல் சாலைப் பையனிடம் எல் தான் இருக்கிறது, கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கமும் விசாரித்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.