29ஆவது பிக் வரை

ஏப்ரல் 2, 2024, செவ்வாய்

ஊசி ஏற்றி டயாலிசிஸ் மெஷினை ஓடவிட்டதுமே பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஆரம்பித்துவிட்டார். மாதக் கடைசியில் டிராஃப்ட்: அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது. நம் டெட்ராய்ட் லயன்ஸ் யாரை எடுக்க வேண்டும் என்பதுதான் சண்டை. முதல் ரவுண்டில் கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடுபவனைத் தடுப்பவன்), இரண்டாவது ரவுண்டிலும் கார்னர்பேக், வேறு பேச்சே கிடையாது என்கிறார். நான் எட்ஜ் என்றேன், ஓரத்திலிருந்து பாய்ந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவன். நம் எட்ஜ் ஹட்சின்சனுக்கு மறுபக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். போன சீசனில் அவர் மட்டும் 11.5 சாக், அதாவது பந்தை வீசுமுன்னே குவாட்டர்பேக்கை வீழ்த்தியது. அவரை இரண்டு பேர் சேர்ந்து மறித்துவிட்டால் எதிரணி குவாட்டர்பேக் நிதானமாக நின்று, ஆள் பார்த்துப் பந்தை வீசுகிறான். அப்புறம் எந்த கார்னர் இருந்து என்ன பிரயோஜனம்?

பெரியவர் காதில் விழவில்லை. அவருக்கு அந்த ஒரு பந்துதான். ஜனவரி 28, ஃபார்ட்டிநைனர்ஸோடு அரையிறுதி. பாதி ஆட்டத்தில் நாம் 24-7. மூன்றாவது குவாட்டரில் அவர்கள் குவாட்டர்பேக் பர்டி தூக்கிப்போட்ட பந்து நம் கார்னர் வில்டரின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி அவர்கள் ஆள் அயூக் கைக்குப் போனது. 51 கெஜம். கடைசியில் 34-31 என்று தோற்றோம். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் நின்றுபோனதால்தான் டிராஃப்டில் நமக்கு இப்போது 29ஆவது பிக், அதாவது எடுக்கும் முறை.

அது கெட்ட நேரம் என்றேன். நல்ல கார்னராக இருந்திருந்தால் அந்தப் பந்தைக் கையில் பிடித்திருப்பான் என்றார். நான்கு மணி நேரமும் இதுவே ஓடியது. எழுந்து நிற்கும்போது பி.பி. இறங்கித் தலை சுற்றியது.

ஏப்ரல் 3

பொட்டாசியம் ஏறியிருக்கிறது. தக்காளி, தேங்காய் இரண்டையும் இந்த வாரம் தொடக்கூடாது என்று உத்தரவு.

ஏப்ரல் 4, வியாழன்

லையாட்டு லாட்டு.

எட்ஜ் ஆடும் கல்லூரிப் பையன். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2020இல் பயிற்சியில் கழுத்தில் அடிபட்டது. இனி நீ விளையாட முடியாது என்று மருத்துவர்கள் முடித்துவிட்டார்கள். மருத்துவக் காரணத்தால் ஓய்வு என்று 2021இல் அறிவிப்பும் வந்தது. அந்த வயதில்! அப்புறம் வேறொரு மருத்துவர் பார்த்து, ஆடலாம் என்றார். யூசிஎல்ஏவுக்குப் போனான். 2022இல் 10.5 சாக். 2023இல் 13. வீடியோவில் அவன் கைகளைப் பார்க்க வேண்டும். மறிக்க வருபவனின் மணிக்கட்டைத் தட்டிவிட்டு, அதே அசைவில் தோளை உள்ளே நுழைத்துவிடுகிறான். வேகம்கூட அப்புறம்தான்.

29 வரைக்கும் அவன் இருக்க மாட்டான், தெரியும். ஆனால் கழுத்தைப் பார்த்து எல்லா அணிகளும் பயந்தால்?

ஏப்ரல் 6, சனி

இன்று பெரியவர் தாளில் எழுதிக்கொண்டே வந்திருந்தார். கார்னர்களை ஒவ்வொருத்தனாகப் பேசினோம்.

அலபாமாவின் டெரியன் ஆர்னல்ட்: போன சீசனில் 5 இன்டர்செப்ஷன், எதிரணி வீசிய பந்தைப் பறித்தது. ஓட்டத்தைத் தடுக்கவும் பயப்படாமல் இறங்குகிறான். 29க்கு வர மாட்டான் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. கிளெம்சனின் நேட் விக்கின்ஸ்: 40 கெஜம் 4.28 விநாடி, மின்னல்தான், ஆனால் டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமான கம்பைனில் எடை 173 பவுண்டு. நம் பயிற்சியாளர் கேம்பல் அணியில் அந்த உடம்பு தாங்குமா? அயோவாவின் கூப்பர் டிஜீன்: கார்னர், சேஃப்டி, பன்ட் திருப்புவது எல்லாம் செய்வான். நவம்பரில் காலில் எலும்பு முறிவு. அலபாமாவின் மக்கின்ஸ்ட்ரிக்குப் பாதத்தில் முறிவு. டொலீடோவின் குவின்யன் மிட்சல்: 4.33 விநாடி, 2022இல் ஒரே ஆட்டத்தில் 4 இன்டர்செப்ஷன். சின்னக் கல்லூரி, சின்ன எதிரிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பெரிய கல்லூரிப் பையன்களும் ஆடும் சீனியர் பவுல் பயிற்சியைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

மிட்சல் பெயரைச் சொல்லும்போது பெரியவர் முகமே மாறுகிறது.

டெக்னீஷியன் பெண் வந்து, கையை ஆட்டிப் பேசாதீர்கள், அலாரம் அடிக்கிறது என்று இருவரையும் அதட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 8, திங்கள்

டெட்ராய்ட்டில் சூரியன் முழுதாக மறையாது, ஒரு கீற்று மிஞ்சும் என்றார்கள். என் மனைவிதான் ஓட்டினாள், டொலீடோவுக்கு. பட்டப்பகலில் அப்படி ஓர் இருட்டு. தெருவிளக்குகள் எரிந்தன. இரண்டு நிமிஷம்கூட இல்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஊசி குத்தும் ஃபிஸ்டுலா இல்லாத கையை.

திரும்பும்போது கிளாஸ் பவுல் ஸ்டேடியம் பக்கம் போகச் சொன்னேன். மிட்சல் ஆடிய இடம். வெளியில் இருந்தே பார்த்தோம். நாளைக்கே பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 11

எனக்குச் சிறுநீரகம் தர முன்வந்திருக்கும் தம்பியின் சர்க்கரை ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூ ஊரிலிருந்து வந்தது. மாங்காய்ப் பச்சடியில் ஒரு கரண்டி மட்டும் எனக்கு அனுமதி. அம்மா வீடியோவில் வந்தாள். "ஏய்யா, முகம் ஊதியிருக்கே, தண்ணி கூடிருச்சா?" தினம் ஒரு லிட்டருக்கு மேல் குடிப்பதில்லை என்று இவள் பக்கத்திலிருந்து சொன்னாள். தம்பி பின்னால் நின்று கையசைத்தான். இளைத்திருந்தான். காலையில் ஓடுகிறானாம். எதற்காக ஓடுகிறான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய், இரவு

தூக்கம் இல்லை. கால் இழுத்துப் பிடிக்கிறது.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் கம்பைன் நடக்கும்போது 32 அணிகளின் மருத்துவர்களும் பையன்களைப் பரிசோதிப்பார்கள். சந்தேகம் உள்ளவர்களை ஏப்ரலில் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே எக்ஸ்ரே, ஒரே கழுத்து. ஓர் அணி மருத்துவர் சரி என்பார், இன்னொருவர் பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடுவார். இங்கேயும் அப்படித்தான். ஒரு மருத்துவமனை மறுத்த தானக்காரரை இன்னொன்று ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தால் சிலர் வயதைப் பார்க்கிறார்கள், சிலர் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்தைப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அப்பாவின் கால் விரல்கள். என்னுடைய இந்த நாற்காலி.

தம்பிக்கு 38 வயது. இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சம் ஒன்றோடு அவன் இன்னும் நாற்பது வருஷம் ஓட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்து அவனுக்கும் சர்க்கரை வந்தால்? அவன் எந்த நாற்காலியில் உட்காருவான், யார் பக்கத்தில்?

லாட்டு விஷயத்தில் பெரியவரோடு மணிக்கணக்காகச் சண்டை போடுகிறேன். அவன் கழுத்து, அவன் தெரிந்துதான் ஆடுகிறான், அவன் முடிவை மதித்து எடுங்கள் என்கிறேன். தம்பியும் அதையேதான் சொல்கிறான். "என் உடம்புண்ணே, நான் பாத்துக்கிறேன்." அவனிடம் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு விளையாட்டுக்காரன் தன் கழுத்தை தன் ஆசைக்காகப் பணயம் வைக்கிறான். இவன் எனக்காக வைக்கிறான். அந்த இடத்தில்தான் எனக்கு நின்றுவிடுகிறது.

இன்னும் விடியவில்லை. 13 சாக் வீடியோவையும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

அணியின் புது ஜெர்சி வெளியிட்டார்கள். நீலம் அழகாக இருக்கிறது. பெரியவர் இன்று பேசவே இல்லை, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினார்.

ஏப்ரல் 19

ஊரில் ஓட்டுப்பதிவு. தம்பி மை வைத்த விரலின் படம் அனுப்பினான். ரிப்போர்ட் பற்றி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, சனி

பெரியவர் தேறிவிட்டார். இன்று லயன்ஸின் பழைய மைதானம் சில்வர்டோம் கதை. 1992 ஜனவரியில் கவ்பாய்ஸை 38-6 என்று அடித்த ஆட்டத்தை அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதற்கு அடுத்த பிளேஆஃப் (நாக்அவுட்) வெற்றி இந்த ஜனவரியில், ராம்ஸை 24-23 என்று வென்றபோது. இடைப்பட்ட 32 வருஷத்தில், 16 ஆட்டத்திலும் தோற்ற 2008இன் 0-16ம் உண்டு. இந்த ஊரில் அவரைப் போன்றவர்கள் அதையும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். நான் பாதியில் வந்து ஒட்டிக்கொண்டவன். ஆனால் அவர் "நம்ம டீம்" என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

"எனக்கு 77 ஆகுது. ரெண்டு வருஷம் பொறுத்துத் தேறும் பையன் எனக்கு வேண்டாம். செப்டம்பரில் களத்தில் இறங்குபவன் வேண்டும்" என்றார்.

அதற்குப் பிறகு எட்ஜ் பற்றி நான் பேசவில்லை.

ஏப்ரல் 23

பேசினேன். மிசௌரியின் டேரியஸ் ராபின்சன், எங்கள் கான்டன் ஊர்ப் பள்ளியில் படித்த பையன். பெரிய உடம்பு, உள்ளேயும் ஆடுவான், வெளியேயும் ஆடுவான். 29இல் கிடைக்கவும் கூடும். எட்ஜுக்கு மார்ச்சில் டேவன்போர்ட்டை எடுத்தோமே என்று பெரியவர் சொன்னார். ஒரு வருஷ ஒப்பந்தம், எப்போதும் காயம், அவரை நம்பியா? அப்படிப் பார்த்தால் கார்னருக்கும்தான் கார்ல்டன் டேவிஸ் வந்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படி நியாயம்?

டிராஃப்ட் இந்த வருஷம் நம் ஊரிலேயே. அவருடைய பேத்தி அது நடக்கும் கேம்பஸ் மார்ஷியஸ் சதுக்கத்துக்குப் போகிறாளாம்.

ஏப்ரல் 24

நம் ஆட்டக்காரர்கள் சூவல், செயின்ட் பிரவுன் இருவருக்கும் ஒரே நாளில் நான்கு வருஷ நீட்டிப்பு. அணி மேலாளர் ஹோம்ஸ் தூங்குவதே இல்லை போல.

ஏப்ரல் 25, வியாழன், நள்ளிரவு தாண்டி

காலையில் டயாலிசிஸ். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. ஆனாலும் எட்டு மணிக்கு டிவி முன்னால். மேடையில் எமினெம். கூட்டம் தெருத்தெருவாக, முதல் நாளே இரண்டேமுக்கால் லட்சம் பேருக்கு மேல் என்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி உலகம் என்னென்னவோ சொன்னது, இப்போது வந்து பார்க்கட்டும்.

முதல் 14 பிக்கும் தாக்குதல் ஆட்டக்காரர்களே. டிராஃப்ட் வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. முதல் 12க்குள் ஆறு குவாட்டர்பேக். ஒவ்வொரு பெயர் வரும்போதும் எனக்கு நெஞ்சு அடித்தது, தடுப்பு ஆட்டக்காரர்கள் எல்லாம் கீழே வருகிறார்களே! லாட்டு இன்னும் இருக்கிறானே!

15: இண்டியானாபோலிஸ். லாட்டு. இந்த வருஷம் தேர்வான முதல் தடுப்பு ஆட்டக்காரன் அவன்தான். முடிந்தது என்று எழுதிவிட்ட ஒருவன், அத்தனை பேருக்கும் முன்னால். நான் அழுதேன். நம்மிடம் வரவில்லை என்பது அந்த நேரத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை. இவள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றாள்.

17இல் எட்ஜ் டல்லஸ் டர்னரை வைக்கிங்ஸ் தூக்கியது. நம் டிவிஷனிலேயே. வருஷத்துக்கு இரண்டு முறை அவனைச் சமாளிக்க வேண்டும். 19 வெர்ஸ், 21 சாப் ராபின்சன். என் எட்ஜ் பட்டியல் கிட்டத்தட்டக் காலி. 22: ஈகிள்ஸ், மிட்சல். பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கவ்பாய்ஸோடு ட்ரேட். 29, 73 இரண்டையும் கொடுத்து 24ஐயும் அடுத்த வருஷ ஏழாம் ரவுண்டு ஒன்றையும் வாங்கினார்கள். அறிவிப்பு வருவதற்குள் போன் அதிர்ந்தது. தம்பி. ஊரில் அப்போது காலை. எடுக்கவில்லை. கை நடுங்கியது. ஆர்னல்ட் என்று பெயர் வாசித்தார்கள், அந்தச் சத்தம் டிவியைத் தாண்டி நிஜமாகவே டெட்ராய்ட் தெருக்களிலிருந்து வருவதுபோல் கேட்டது. பெரியவரிடமிருந்து மெசேஜ்: கார்னர், கார்னர், கார்னர்.

அதற்குப் பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

தம்பியின் சர்க்கரை எல்லைக்கோடுதான். குளுக்கோஸ் குடிக்க வைத்து மறுபடி பார்க்க வேண்டுமாம். மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் திங்கட்கிழமை பேசுவார்.

நேற்று 27இல் டேரியஸ் ராபின்சன் அரிசோனாவுக்குப் போயிருக்கிறான். இன்று 40இல் டிஜீன், 41இல் மக்கின்ஸ்ட்ரி. நம் 61இல் மிசௌரியின் ரேக்ஸ்ட்ரா. இன்னொரு கார்னர். 2021இல் முழங்கால் தசைநார் கிழிந்து மீண்டு வந்தவன். முதல் ரவுண்டிலும் இரண்டாவதிலும் கார்னர். பெரியவர் சொன்னபடியே.

ஏப்ரல் 27, சனி

பெரியவர் புது நீலத்தில் தொப்பி போட்டு வந்திருந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஆர்னல்ட் பற்றி அவர் பேசப் பேச நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பையன்தான், நல்ல பிக்தான், மறுக்கவில்லை.

மதியம் நான்காவது ரவுண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆடிய மனு என்ற ராட்சதனுக்காக அடுத்த வருஷ மூன்றாம் ரவுண்டையே கொடுத்தார்கள். தேற இரண்டு வருஷமாவது ஆகும். அப்புறம் யூட்டாவின் வாக்கி, ஆறாவது ரவுண்டில் விங்கோ, மஹோகனி. மொத்தம் ஆறு பேர். அதில் ஒரு எட்ஜ்கூட இல்லை. ஹட்சின்சனுக்கு ஏதாவது ஆனால் யார்? பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். பதில் சொல்லவில்லை, யோசிக்கிறார் என்று தெரிந்தது.

ஏப்ரல் 29, திங்கள்

போன் வரவில்லை. மாலை வரை பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பெரியவர் யோசித்துவிட்டு வந்திருக்கிறார். சரி, நீ சொல்வது நியாயம், அடுத்த ஏப்ரலில் எட்ஜ் என்று ஒத்துக்கொண்டார். இப்போதே பெயர்களைப் பார்த்து வைக்கச் சொன்னார். இரவு கல்லூரி வீடியோக்களைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒன்பதரைக்குத் தம்பி