யாரைக் கேட்டிருக்க வேண்டும்?

"அப்பாவை மட்டும் அந்தப் படத்துக்கு உட்கார வைக்காதீங்க" என்று எங்கள் மையத்துக்கு வரும் பெரியவர் ஒருவரின் மகள் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 30, 1975-இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்த நாள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், வியட்நாமிய முதியவர்கள் வரும் பகல் மையத்தில் அன்று கேரம்போர்டு போட முடியாது. அந்த முறை போட்டது ஹாம் ட்ரான் எடுத்த 'ஜர்னி ஃப்ரம் தி ஃபால்' படம். கணவன் மறுகல்வி முகாம் என்ற பெயரில் புதிய அரசு நடத்திய சிறையில், மனைவியும் மகனும் மாமியாரும் படகில், பிறகு கலிஃபோர்னியா. மாமியாராக வரும் கியூ சின், 1975-இல் தானும் நாட்டை விட்டு வந்தவர். அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே பாட்டிமார் சீக்கிரம் வந்துவிட்டார்கள்.

பெரியவரிடம் மகள் சொன்னதைச் சொன்னேன். தெற்கு வியட்நாம் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். "ஒரு மாசத்துக்குச் சாப்பாடும் துணியும் எடுத்துக்கிட்டு வா என்றார்கள். ஏழு வருஷம் வைத்திருந்தார்கள். அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது நீயும் என் மகளைத்தான் கேட்பாயா?" நாற்காலியை இழுத்து முன்வரிசையில் போட்டுக்கொண்டார். இதற்கு என்ன பதில் சொல்வது?

அவர் அழவில்லை. முகாம் காட்சியில், சோறு இவ்வளவு கிடையாது, மரவள்ளிதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறை சொன்னார். கொடுத்த பிஸ்கட்டைப் பேப்பர் நாப்கினில் நான்கு மடிப்பாகச் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அங்கே பாதிப் பேர் செய்கிற காரியம்தான் அது.

அடுத்த வாரம் மகள் நேரில் வந்தார். அப்பா ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாராம். தலையணைக்கு அடியில் பிஸ்கட். "பகல்ல நீங்க பார்த்துக்கறீங்க, சரி. ராத்திரி?"

புத்தி தெளிவாக இருக்கிற மனிதர், அவருடைய கதை, அவருடைய முடிவு என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். அது சரிதான் என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் மையம் மாலையில் பூட்டிவிடும். அவருடைய முடிவை ராத்திரி முழுக்கச் சுமந்தது மகள். முகாமில் அப்பா இருந்த அந்த ஏழு வருஷத்தையும் அவர் வெளியே இருந்து கழித்தவர்தான். படத்தில் வருகிற அந்தச் சிறுவனின் இடம் அவருடையது. அவரையும் ஒருநாள் வந்து பாருங்கள் என்று கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா, தெரியாது.

இந்த வருஷமும் அதே படம் வேண்டும் என்று பெரியவர் கேட்டுவிட்டார். வேண்டாம் என்ற மகளின் கடிதம் ஃபைலில் இருக்கிறது. மேலாளரைக் கேட்டால், "உனக்குத்தான் அவங்களைத் தெரியும், நீயே முடிவு பண்ணு" என்கிறார்.